மிருகங்கள் வர்ற படக்கதை எழுதுறேன், தேவாங்குக்கு சட்டை போட்டு விடலாமா?

செவ்வந்தி_அய்யலூர்:

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம் நாங்க. பொண்ணுக்கு நாலு வயசு. சாயங்காலமானா தெருப் பிள்ளைங்க ஏழெட்டு பேர் நம்ம வீட்டு திண்ணையில கூடிருவாங்க, கையில கிடைக்கிற படக்கதையெல்லாம் படிச்சு காட்டுவேன். எல்லாத்துலயும் சிங்கம், நரி, முயல், ஆமை, இல்லன்னா பெங்குவின், பனிக்கரடி. எங்க மலையில இருக்கிற மிருகம் ஒண்ணுகூட வராது. 2022 அக்டோபர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, கரூர், திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 11,806 ஹெக்டேர், தேவாங்குக்குன்னே இந்தியாவுல வந்த முதல் சரணாலயம் அதுதான். ராத்திரியில திரியற, கண்ணு பெருசா உள்ள சின்ன மிருகம் அது. ஆனா இங்க பிள்ளைங்களுக்கு தேவாங்குன்னா ஒல்லியா இருக்கிற பையனை கேலி பண்ற பேரு, அவ்வளவுதான். அதனால நானே ஒரு கதை எழுதி, தம்பி நல்லா வரைவான் அவனை படம் போடச் சொல்லி, ஒரு நூறு இருநூறு காப்பி அடிச்சு இங்க உள்ள பால்வாடிக்கும் ஸ்கூலுக்கும் குடுக்கலாம்னு ஆசை.

இப்போதைக்கு கதை இப்படி இருக்கு. குட்டி தேவாங்கு பள்ளிக்கூடம் போகுது, கண்ணு பெருசா இருக்குன்னு மத்த மிருகமெல்லாம் கிண்டல் பண்ணுது, ஒருநாள் ராத்திரி திருடன் வர்றதை தேவாங்குதான் முதல்ல பாத்து சொல்லுது, எல்லாரும் மன்னிப்பு கேக்குறாங்க. எனக்கு கேக்க வேண்டியது சிலது இருக்கு. தேவாங்குக்கு சட்டை, ஸ்கூல் பேக் எல்லாம் மாட்டி வரையலாமா, இல்ல நிஜ மிருகமாவே விடணுமா? கடைசில நீதின்னு ஒண்ணு கண்டிப்பா வேணுமா (மாமா நீதி இல்லாத கதை கதையே இல்லன்னு சொல்றாங்க)? எத்தனை பக்கம் வச்சா நல்லது? கதை முழுக்க ராத்திரின்னா படம் எல்லாம் கறுப்பா போயிராதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணாப்பு_டீச்சர்:

முதல்ல வாழ்த்துகள் செவ்வந்தி, எங்களுக்கும் ஒரு காப்பி வேணும். நான் அரசு தொடக்கப்பள்ளியில ஒண்ணு ரெண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்பு இயக்கம் புத்தகங்கள் வந்தப்புறம், அந்த நுழை, நட, ஓடு, பறன்னு பிள்ளைங்க வாசிப்பு நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு குடுத்தாங்கள்ல, பிள்ளைங்க என்னத்தை திரும்பத் திரும்ப எடுக்குறாங்கன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கேன். மிருகம் இருக்கிற புத்தகம் கை மாறி மாறி அட்டை கிழிஞ்சு போகுது. ஆனா கடைசி பக்கத்துல பெரியவங்க குரல்ல அறிவுரை வந்துச்சுன்னா அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள புத்தகத்தை மூடிட்டு அடுத்ததை எடுக்குறாங்க, இதை நான் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட பாக்கலை, கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் பாக்குறேன்.

நீதி விஷயத்துக்கு ஒரு ஆராய்ச்சி சொல்றேன். கனடாவுல டொரன்டோ பல்கலைக்கழகத்துல பண்ணினது, 2017ல வந்துச்சு. நாலு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு, இருக்கிறதை பகிர்ந்துக்கணும்னு சொல்ற ஒரே கதையை ரெண்டு விதமா படிச்சு காட்டிருக்காங்க, ஒண்ணுல சட்டை போட்ட மிருகங்க, இன்னொண்ணுல மனுஷப் பிள்ளைங்க. படிச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்டிக்கர் குடுத்து, ஸ்டிக்கரே கிடைக்காத இன்னொரு பிள்ளைக்கு எத்தனை எடுத்து வைக்குறாங்கன்னு பாத்திருக்காங்க. மனுஷக் கதை கேட்ட பிள்ளைங்க முன்னைவிட அதிகமா குடுத்திருக்காங்க, மிருகக் கதை கேட்டவங்ககிட்ட அந்த உயர்வு வரவே இல்லை. அப்போ பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லிக் குடுக்கத்தான் மிருகத்தை கூப்பிடுறோம்னா அது அந்த வேலையை நாம நினைக்கிற அளவுக்கு செய்யலை. அதே பல்கலைக்கழகத்துல 2014ல வந்த இன்னொண்ணுல, மிருகம் மனுஷன் மாதிரி பேசி நடந்துக்கிற புத்தகம் படிச்ச பிள்ளைங்க நிஜ மிருகத்துக்கும் மனுஷ குணம் இருக்குன்னு அதிகமா சொல்லிருக்காங்க, அந்த மிருகத்தைப் பத்தின தகவலை குறைவா புடிச்சிருக்காங்க. நீங்க எழுதுறதே பிள்ளைங்களுக்கு தேவாங்கு யாருன்னு காட்டத்தானே, அப்ப ரெண்டாவது விஷயம் உங்களுக்கு ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன்.

படிச்சு முடிச்சதும் இந்தக் கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டேன்னு மட்டும் கேக்காதீங்க, பிள்ளை அடுத்த தடவை கதை கேக்க வரவே யோசிக்கும்.

கோடும்_வண்ணமும்:

நான் படக்கதை வரையறவன், சட்டை விஷயத்துல டீச்சர் மேடம்கிட்ட கொஞ்சம் மாறுபடுறேன். சட்டை போட்ட மிருகம்னாலே பொய்னு ஒதுக்க வேணாம். பீட்டர் முயல் கதையை எடுத்துக்கங்க, அதை எழுதி வரைஞ்ச பியாட்ரிக்ஸ் பாட்டர் முதல்ல 1901 டிசம்பர்ல தன் காசுல 250 காப்பி போட்டாங்க, 1902ல வார்ன் கம்பெனி கலர்ல கொண்டு வந்துச்சு. அந்த முயலுக்கு நீலக் கோட்டு உண்டு. ஆனா கதை போறப்போ முதல்ல ஷூ தொலையுது, ஷூ போனதும் நாலு கால்ல ஓடுது, அப்புறம் கோட்டு பித்தான் வலையில மாட்டிக்கிது, கோட்டை விட்டுட்டு ஓடினாத்தான் உசுரு தப்புது. கோட்டு போட்ட குறும்புப் பிள்ளையா இருந்தது தோட்டக்காரன் துரத்தினதும் அசல் முயலா மாறுது, அதை எழுத்துல சொல்லாம படம் சொல்லுது. பாட்டர் வீட்டுல முயல் வளர்த்து பாத்து பாத்து வரைஞ்சவங்க, அதனாலதான் அந்த உடம்பு, காது, பின்னங்கால் எல்லாம் சரியா இருக்கும். கோட்டுக்கு கதையில ஒரு வேலை இருந்தா போடுங்க. உங்க கதையில அந்த ஸ்கூல் பேக் என்ன வேலை செய்யுது? எனக்கு ஒண்ணும் தெரியல, தேவாங்கு இருந்த இடத்துல நாய்க்குட்டியை வச்சாலும் அந்தக் கதை அப்படியே ஓடும். எனக்கு இடிக்கிறது அதுதான்.

பக்கக் கணக்குக்கு வர்றேன். வெளிநாட்டுல 32 பக்கம்னு ஒரு வழக்கம், பெரிய தாளை மடிச்சு வெட்டுற கணக்குல வந்தது அது. உங்களுக்கு 32 வேணாம், 16 பக்கம் சென்டர் பின் போதும், பின் அடிக்கிற புத்தகம்னா பக்கம் நாலால வகுபடணும் அதை மட்டும் பாத்துக்கங்க. நாலு ஏ4 தாளை நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா 16 பக்கம், அதுதான் உங்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், இன்னைக்கே பண்ணிடலாம். பக்கம் 1 தலைப்பு, பக்கம் 16 தனியா நிக்கும், நடுவுல 2-3ல ஆரம்பிச்சு 14-15 வரைக்கும் ஏழு இரட்டைப் பக்கம். உங்க கதை அந்த ஏழுக்குள்ள உக்காரணும். இதுல 8-9 மட்டும்தான் ஒரே தாள்ல வர்ற நடுப்பக்கம், மத்த இரட்டைப் பக்கமெல்லாம் ரெண்டு வேற வேற தாள், அச்சுல ஒரு நூல் இப்படி அப்படி தள்ளும், முகம் கிகம் நடுவுல வந்தா மூக்கு கோணிரும். அதனால பெரிய படத்தை 8-9க்கு எடுத்து வைங்க.

இன்னொண்ணு, பக்கம் திருப்புறதுதான் படக்கதையோட உசுரு. கேள்வி வலது பக்கம் கடைசில முடியணும், பதில் திருப்பினதும் இடது பக்கத்துல. கேள்வியும் பதிலும் எதிரெதிர் பக்கத்துல வந்துச்சுன்னா பிள்ளை கண்ணு நீங்க படிக்கிறதுக்கு முன்னாடியே பதிலுக்கு ஓடிரும். படத்துல தெரியறதை வரியில திரும்ப எழுதாதீங்க, "குட்டி கிளையில உக்காந்திருந்தது"ன்னு எழுதவே வேணாம், அதான் உக்காந்திருக்கே.

காட்டுவழி:

தேவாங்குக்கு ஒருத்தர் கதை எழுதுறாங்கன்னு பாத்ததும் லாகின் பண்ணி வந்துட்டேன். நான் காட்டுயிர் கணக்கெடுப்புக்கெல்லாம் போறவன், குழந்தைங்க புத்தகத்துல உள்ள படங்களைப் பத்தி மனசுல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் இருக்கு, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

நம்ம கதையில நரி வரும், ஆனா படத்துல இருக்கிறது ஆரஞ்சு கலர்ல வால் நுனி வெள்ளையா உள்ள ஐரோப்பா நரி, நம்ம வயக்காட்டு நரி பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், வால் நுனி கறுப்பு. முயல்னு வெள்ளை முயலை வரைஞ்சு வளைக்குள்ள குடும்பம் நடத்த விடுறாங்க, நம்ம காட்டு முயல் வளையே தோண்டாது, புல்லுக்குள்ள ஒரு பள்ளத்துல படுத்துக்கும், குட்டி பிறக்கறப்பவே முடியோட கண்ணு திறந்து பிறக்கும். கரடின்னா பழுப்பு பொம்மை. நம்ம கரடி கறுப்பு, சடைமுடி, நெஞ்சுல வெளிறின ஒரு வி மாதிரி கோடு, புத்தை உடைச்சு கரையானை உறிஞ்சும், குட்டியை முதுகுல ஏத்திக்கிட்டு போகும். முதுகுல குட்டி ஏத்திப் போற அம்மாவை விட படக்கதைக்கு என்னங்க வேணும், ஆனா அதை யாரும் வரையறதில்ல, தேன் பாட்டிலோட உக்காந்திருக்கிற கரடியைத்தான் வரையறாங்க. அம்மா யானைக்கு நீளமா தந்தம் போட்டுருவாங்க, நம்ம யானையில பெண்ணுக்கு அப்படி நீளத் தந்தம் வராது. அம்மா தூக்கணாங்குருவி கூடு கட்டுச்சுன்னு எழுதுவாங்க, கட்டுறது ஆண், பாதி கட்டினதும் பெட்டை வந்து பாக்கும், அதுக்கு பிடிச்சாத்தான் மீதி. நிஜத்துல இருக்கிறதே இவ்வளவு நல்ல கதையா இருக்கு, ஏன் விட்டுடறாங்கன்னு எனக்கு தாங்கல.

இப்ப தேவாங்கு. வால் கிடையாது (தம்பிகிட்ட முதல்ல இதை சொல்லிருங்க, குரங்கு மாதிரி வால் வச்சிருவார்). பகல்ல முள்ளுப் புதர், அடர்ந்த கிளைக்குள்ள பந்து மாதிரி சுருண்டு தூங்கும், சில நேரம் ரெண்டு மூணு சேர்ந்து. இருட்டினதும் கிளம்பும். குதிக்காது, ஒரு கையை விட்டு ஒரு கையை வச்சு சத்தமே இல்லாம நகரும். பூச்சி, எறும்பு, வண்டு, சின்னப் பல்லி இதெல்லாம் சாப்பாடு. தன் மூத்திரத்தை கையிலயும் கால்லயும் தேய்ச்சுக்கும், ஏன்னு ஆராய்ச்சி பண்றவங்க பல காரணம் சொல்றாங்க, ஆனா இதை ஒரு பக்கத்துல வச்சுப் பாருங்க உங்க திண்ணையே சிரிப்புல அதிரும்.

அப்புறம் முக்கியமானது. பிறந்து கொஞ்ச நாள் குட்டி அம்மா வயித்தை புடிச்சுக்கிட்டே திரியும். கொஞ்சம் வளர்ந்ததும் அம்மா குட்டியை ஒரு கிளையில விட்டுட்டு இரை தேடப் போயிரும். குட்டி அந்த இருட்டுல தனியா அந்தக் கிளையிலயே இருக்கும். விடியறதுக்குள்ள அம்மா வந்து கூட்டிக்கிட்டு தூங்கப் போகும். உங்க பொண்ணுக்கு நாலு வயசுன்னு சொன்னீங்க, பால்வாடியில விட்டுட்டு வர்றப்ப கதவு பக்கம் திரும்பி திரும்பி பாக்குற வயசு. இந்தக் குட்டியும் அதே நிலையிலதான் இருக்கு. திருடன் எதுக்கு, கிண்டல் எதுக்கு? அம்மா போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு ராத்திரி, அது போதும்னு எனக்குத் தோணுது.

ஒரே ஒரு வேண்டுகோள், சரணாலயம் பேரை தாராளமா போடுங்க, ஆனா எந்த ஊர் தோப்பு, எந்தப் புதர்னு அடையாளம் வர்ற மாதிரி எழுதவோ வரையவோ வேணாம். மந்திரம், நாட்டு மருந்துன்னு சொல்லி பிடிச்சு விக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில, அதாவது அதிகபட்ச பாதுகாப்பு உள்ள பட்டியல்ல, இருக்கிற மிருகம் இது.

பழைய_புத்தகக்காரன்:

உங்க மாமா சொல்றதை அப்படியே தள்ளிராதீங்கம்மா, எங்க தலைமுறை மிருகக் கதைன்னா பஞ்சதந்திரம்னு வளர்ந்தது. ஆனா மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க. தமிழ்ல தாண்டவராய முதலியார் 1826ல உரைநடையில கொண்டு வந்த பஞ்சதந்திரத்தை எடுத்து முதல் தந்திரத்தை முழுசா படிச்சா என்ன நடக்குது? சிங்கத்துக்கும் சஞ்சீவகன்கிற எருதுக்கும் நல்ல சிநேகம், தமனகன்னு ஒரு நரி ரெண்டு பேர்கிட்டயும் மாத்தி மாத்தி கோள் மூட்டி பிரிக்கிறான், கடைசில எருது சாகுது, கோள் சொன்னவன் மந்திரியா நல்லா இருக்கான். கூட இருந்த கரடகன்கிற இன்னொரு நரி இது தப்புன்னு எவ்வளவோ எடுத்து சொல்லியும் கேக்கலை. ராஜகுமாரன்களுக்கு அரசியல் சொல்லிக் குடுக்க எழுதினது அது, உலகம் இப்படித்தான் ஜாக்கிரதையா இருன்னு வளர்ந்த பையன்களுக்கு சொல்றது. நாலு வயசுப் பிள்ளைக்குன்னு அதை துண்டு துண்டா நறுக்கி ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு வரி நீதி ஒட்டினது பின்னாடி பள்ளிக்கூடப் புத்தகத்துக்காக செஞ்ச வேலை. நீதி இல்லாம உங்க கதை நிக்கும். மாமாவுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம், திண்ணையில பிள்ளைங்களோட சேர்ந்து அவரையும் உக்கார வச்சு படிச்சு காட்டுங்க.

வன்னிப்பிள்ளை:

வணக்கம் அக்கா, நான் வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கக் காடுகளிலயும் தேவாங்கு இருக்கு, ஆனா பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுக்க அதைப் பற்றி ஒரு படப்புத்தகமும் எனக்குக் கிடைக்கேல்ல, நீங்கள் எழுதினா நாங்களும் எடுத்து வாசிப்பம். என்ர கருத்து ஒண்டு, கதை சொல்லுற வரிகளை எளிமையான பொதுத் தமிழில வையுங்கோ, குட்டியும் தாயும் கதைக்கிற இடத்தில மட்டும் உங்கட ஊர்ப் பேச்சை வையுங்கோ. அப்பிடி எண்டா இங்க வாசிக்கிற பிள்ளையளுக்கும் விளங்கும், உங்கட ஊர் மணமும் போகாது. முழுக்க முழுக்க பேச்சுத் தமிழில இருந்தா இப்பதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கின பிள்ளை சரியாக் கஷ்டப்படும், என்ர மகன் அப்பிடித்தான்.

மற்றது, பிரதம் புக்ஸ் 2015ல தொடங்கின ஸ்டோரிவீவர் தளம் தெரியும்தானே, தமிழில நிறையக் கதை இலவசமா இருக்கு, எழுதினவை, வரைஞ்சவை பேரைப் போட்டா அச்சடிச்சும் குடுக்கலாம் எண்டு அனுமதி இருக்கு. உங்கட கதையையும் அங்க ஏத்தினீங்கள் எண்டா நூறு காப்பியோட நிக்காது, எங்களுக்கும் வந்து சேரும்.

செவ்வந்தி_அய்யலூர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. காட்டுவழி அண்ணன் சொன்ன அந்த கிளையில விட்டுட்டு போற விஷயம், இங்கயே பிறந்து வளர்ந்த எனக்கு இதுவரைக்கும் தெரியாது, நேத்து ராத்திரி பொண்ணுகிட்ட வாய்வார்த்தையா சொன்னேன். "அம்மா பூச்சி புடிக்க தூரமா போயிருச்சா? வழி தெரியுமா அதுக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஸ்கூல், திருடன், மன்னிப்பு எல்லாம் எடுத்துட்டேன். இப்ப டம்மி இப்படி போட்டிருக்கேன்.

2-3ல சாயங்காலம், அம்மாவும் குட்டியும் முள்ளுப் புதருக்குள்ள சுருண்டு தூங்குது. 4-5ல அம்மா குட்டியை கிளையில வச்சு "இங்கனயே இரு, வந்துருவேன்"னு சொல்லிட்டு போகுது. 6-7ல ஒரு சத்தம், யாரதுன்னு வலது பக்கத்துல கேள்வி. 8-9ல திருப்பினா பெரிய படம், கிளை முழுக்க இருட்டு, குட்டியோட ரெண்டு கண்ணு மட்டும் பெருசா, அதுக்கு என்னென்ன தெரியுதோ எல்லாம் சுத்தி சின்னச் சின்னதா, மின்மினி, எறும்பு வரிசை, இலைக்கு அடியில வண்டு. 10-11ல குட்டி தானா ஒரு பூச்சிக்கு கை நீட்டுது, தப்பிச்சிருது. 12-13ல அந்த மூத்திரம் தேய்ச்சுக்கிற விஷயம் (இது இருந்தே ஆகணும்னு தம்பி ஒத்தக் கால்ல நிக்கிறான்). 14-15ல வானம் வெளுக்குது, கிளை அசையுது, யாரு? 16ல அம்மா. பொதுத் தமிழ், நடுவுல எங்க ஊர்ப் பேச்சு, வன்னிப்பிள்ளை சொன்ன மாதிரியே பண்றேன், ஸ்டோரிவீவர்லயும் ஏத்துறேன். பின் அட்டை உள்பக்கம் தேவாங்கைப் பத்தி அஞ்சாறு வரி தகவல்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. 6-7ல அந்த சத்தத்துக்கு ஆந்தையை வரையலாமா, சின்னப் பிள்ளைங்க பயந்துருமா? ராத்திரி கலருக்கு என்ன பண்றது, யாரும் சொல்லலையே.

ஒண்ணாப்பு_டீச்சர்:

ரொம்ப நல்லா வந்திருக்கு. கொஞ்சம் பயம் இருக்கட்டும், மடியில உக்காந்து பயப்படுறது பிள்ளைங்களுக்கு பிடிக்கும், அம்மா கடைசில வந்துருதுல்ல. ஒண்ணு மட்டும் சேருங்க, "அம்மா வந்துருமா?"ன்னு ஒரே வரி ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துலயும் திரும்ப வரட்டும். ரெண்டாவது தடவை படிக்கிறப்ப பிள்ளைங்களே அந்த வரியை சத்தமா சொல்லும், எழுத்து தெரியாத பிள்ளைகூட நான் படிச்சிட்டேன்னு சொல்லிக்கும். எழுத்து 18 பாயின்ட்டுக்கு கீழ போகாம பாத்துக்கங்க, வரியை மூச்சு விடுற இடத்துல உடைங்க, வார்த்தையை நடுவுல உடைச்சு அடுத்த வரிக்கு தள்ளாதீங்க.

கோடும்_வண்ணமும்:

ஆந்தையோட உருவம் 6-7ல வேணாம், சத்தத்தை மட்டும் எழுத்தா பெருசா போடுங்க, 8-9ல ஓரத்துல ஆந்தை தன் பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும், கூர்ந்து பாக்குற பிள்ளை அதை கண்டுபிடிச்சு மத்தவங்களுக்கு காட்டும்.

கலருக்கு கறுப்பையே தொடாதீங்க. அடர் நீலம், கத்திரிப்பூ கலர், கரும்பச்சை இதை வச்சே ராத்திரியை கொண்டு வரலாம், மரத்தோட விளிம்புல கொஞ்சம் வெளிச்சம் விட்டா போதும். கறுப்புத் தாள்லயே ராத்திரி எப்படி பளிச்சுன்னு வரும்னு பாக்கணும்னா சென்னை தாரா புக்ஸ் 2006ல கோண்டு பழங்குடி ஓவியர்களை வச்சு மரங்களைப் பத்தி போட்ட புத்தகத்தை எங்கயாவது நூலகத்துல தம்பிக்கு காட்டுங்க, கையாலயே ஸ்க்ரீன் பிரின்ட் பண்ணினது. அது நம்ம செலவுக்கு கட்டாது, ஆனா இருட்டுல கோடு எப்படி நிக்குதுன்னு பாத்து கத்துக்கலாம். அடர் நீலத்து மேல வெள்ளை எழுத்து போடச் சொன்னா சம்மதிக்காதீங்க, நம்ம எழுத்துல சுழி அதிகம், மை ஏறி அடைச்சிரும், எழுத்துக்குன்னு நிலா வெளிச்சம் விழற மாதிரி ஒரு வெளிர் இடம் விட்டு வரையச் சொல்லுங்க. நூறு இருநூறு காப்பிக்கு ஆஃப்செட் கட்டுபடியாகாது, டிஜிட்டல்தான். தாள் 130 ஜிஎஸ்எம் (தாளோட கனக் கணக்கு), மினுக்கம் இல்லாத மேட் கேளுங்க, ரொம்ப மெல்லிசா போனா நீலம் பின்பக்கம் தெரியும். எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு காப்பி எடுத்து பின் அடிச்சு பாத்துட்டு அப்புறம் மீதியை ஓட்டச் சொல்லுங்க. தம்பி பென்சில்ல ஏழு கட்டமும் போட்டதும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, வால் இருக்கான்னு காட்டுவழி சார் பாத்துக்குவார், மடிப்புல முகம் விழுதான்னு நான் பாக்குறேன்.